பேசாத நொடிகள் யாருக்குச் சொந்தம்? டெலிபோன் லைனிலிருந்து எஸ்டி-வேன் வரை

கேள்வி இதுதான்: "நெட்வொர்க்கிங் பாடத்தில் டி1, இ1, ஐஎஸ்டிஎன், எக்ஸ்.25, ஃப்ரேம் ரிலே, ஏடிஎம், எம்பிஎல்எஸ் என்று வரிசையாக வருகிறது. பாதிக்கு மேல் இன்று புழக்கத்திலேயே இல்லை. இவை ஏன் வந்தன, ஏன் போயின? இனிமேல் இவற்றைப் படித்து என்ன ஆகப்போகிறது?" கேட்டவர் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து களைத்துப்போயிருக்கிறார் என்று தெரிகிறது. ஆனால் அவர் உண்மையில் கேட்பது, இவற்றைக் கோத்திருக்கும் நூல் எது என்பதைத்தான். நூல் கையில் கிடைத்துவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது. நான் பல வருடங்கள் டிரான்ஸ்மிஷன் பக்கமும், அதன்பிறகு ரூட்டர் பக்கமும் வேலை பார்த்தவன். மொபைல் கோர் நெட்வொர்க்கில் என் கை பட்டதில்லை, அதனால் இங்கே கம்பிவழிக் கதையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு எண்: 64 கிலோபிட். பாடப்புத்தகத்தில் இதை வானத்திலிருந்து விழுந்த எண் மாதிரி கொடுத்திருப்பார்கள். மனிதக் குரலில் டெலிபோன் கடத்துவது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியைத்தான். அதற்கு 4000 ஹெர்ட்ஸ் இடம் ஒதுக்கினார்கள். ஓர் அலையைத் திரும்பக் கட்டி எழுப்ப வேண்டுமானால் அதன் உச்ச அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் அதை அளக்க வேண்டும். ஆக, நொடிக்கு 8000 அளவுகள். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் நொடிக்கு 64,000 பிட். இரண்டு அளவுகளுக்கு நடுவே 125 மைக்ரோ நொடி. இந்த 125 மைக்ரோ நொடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐம்பது வருடங்கள் வந்த கருவிகளில் பெரும்பாலானவை இதற்குத்தான் தாளம் போட்டன.

குரலை எண்ணாக்கும் யோசனை பழையது. அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1937-ல் பாரிஸில் வேலை பார்த்தபோது பல்ஸ் கோட் மாடுலேஷனை (பிசிஎம்) கண்டுபிடித்தார். வால்வுகளை வைத்துக்கொண்டு அதைக் கட்டுப்படியாகும்படி செய்ய முடியாததால், டிரான்சிஸ்டர் வரும்வரை யோசனை காத்திருந்தது. 1962-ல் அமெரிக்காவின் பெல் சிஸ்டம் டி1 என்ற பெயரில் அதைப் பொதுப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்கு இருந்தது மண்ணுக்கடியில் உள்ள சிக்கல். பெரிய நகரங்களில் எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே தெருவுக்குக் கீழே போன குழாய்களில் காப்பர் ஜோடிகள் நிரம்பிவிட்டன. புதுக் குழாய் போடத் தெருவைத் தோண்ட வேண்டும். டி1 வந்ததும், ஓர் உரையாடலைச் சுமந்துகொண்டிருந்த அதே வகைக் கம்பியில் இரண்டு ஜோடி இருந்தால் 24 உரையாடல்கள் போயின. அந்தக் கம்பிகளில் குரல் தேயாமலிருக்க 6000 அடிக்கு ஒன்றாக லோடிங் காயில் என்ற கம்பிச்சுருளை வைத்திருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு அதே மேன்ஹோலில் டிஜிட்டல் ரிப்பீட்டரை வைத்தார்கள். ரிப்பீட்டர் சிக்னலைப் பெருக்காது; வந்தது ஒன்றா சுழியமா என்று தீர்மானித்துப் புதிதாக எழுதி அனுப்பும். அனலாகில் ஒவ்வொரு பெருக்கியும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கியது. இங்கே இரைச்சல் அந்தந்த ரிப்பீட்டரோடு நின்றுபோயிற்று. டிஜிட்டல் ஏன் வென்றது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

125 மைக்ரோ நொடிக்கு ஒரு ஃப்ரேம்: 24 தடம், தடத்துக்கு 8 பிட், ஃப்ரேமின் எல்லையைக் காட்ட 1 பிட், மொத்தம் 193. அதை 8000-ஆல் பெருக்கினால் 15,44,000. டி1 வேகம் 1.544 மெகாபிட் என்று படிக்கிறீர்களே, அது இதுதான். ஐரோப்பா தன் இ1-ஐ 32 டைம்ஸ்லாட்டாக (நேரப் பங்காக) வகுத்தது, 2.048 மெகாபிட். சுழியமாவது ஸ்லாட் ஃப்ரேமை அடையாளம் காட்ட, 16-ஆவது ஸ்லாட் சிக்னலிங்குக்கு, மீதி 30 பேச்சுக்கு. என் பார்வையில் இ1 இன்னும் நிதானமாக யோசித்த வடிவம். டி1-ல் சிக்னலிங்குக்குத் தனி இடம் வைக்கவில்லை. ரிசீவரை எடுத்தாரா வைத்தாரா என்ற தகவலை அனுப்ப, ஆறு ஃப்ரேமுக்கு ஒருமுறை ஒவ்வொரு தடத்திலும் கடைசி பிட்டைத் திருடினார்கள். காதுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அதே தடத்தில் டேட்டாவை அனுப்பினால் எந்த பிட் போகும் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால் அந்தக் கடைசி பிட்டையே விட்டுவிட்டு ஏழு பிட்டை மட்டும் நம்பினார்கள். 7 தடவை 8000 என்றால் 56,000. பழைய அமெரிக்க டேட்டா லைன்களில் 56 கிலோபிட் என்ற விசித்திரமான எண் அடிக்கடி வருவதன் காரணம் இதுதான்.

மோடம் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 1990களின் நடுவில் வி.34 மோடம் 33.6 கிலோபிட்டைத் தொட்டதும், டெலிபோன் லைனில் இதற்குமேல் போக வழியில்லை என்று கணக்கு சொன்னது. கணக்கு சரிதான். குரலை 8 பிட்டுக்குள் அடக்கும்போது வரும் ரவுண்டிங் பிழையே இரைச்சலாக மாறி உச்சவரம்பைப் போட்டது. பிறகு 1998-ல் வி.90 எப்படி 56 வரை வந்தது? அதற்குள் எக்ஸ்சேஞ்சுகள் பெரும்பாலும் டிஜிட்டல் ஆகிவிட்டன. இணையச் சேவை தருபவரின் பக்கம் எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் டிஜிட்டல் ட்ரங்கிலேயே நேராகச் சேர்ந்திருந்தது. அவர் பக்கத்தில் அனலாகை எண்ணாக்கும் வேலையே இல்லாததால், இறங்குதிசையில் அந்தப் பிழை உண்டாகவே வழியில்லை. வீட்டிலிருந்து ஏறுதிசையில் அந்த மாற்றம் இருந்தது, அதனால் அங்கே பழைய 33.6 உச்சவரம்புதான். நெட்வொர்க்கின் உடம்பு மாறியதால் அதன் விதியும் மாறியது.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். டி1-லும் இ1-லும் உங்கள் டைம்ஸ்லாட் உங்களுடையது. நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் 125 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சாதாரண உரையாடலில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார். ஆக ஒவ்வொரு திசையும் பாதி நேரத்துக்கு மேல் சும்மா கிடக்கிறது. அட்லாண்டிக் கடலடியில் 1956-ல் போட்ட டாட்-1 கேபிளில் முதலில் 36 தடங்கள்தான். அங்கே சும்மா கிடக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியவில்லை. 1960-ல் டாஸி என்ற கருவியை வைத்தார்கள். ஒருவர் பேச வாயெடுத்ததும் அவருக்கு ஒரு தடம் கொடுப்பது, நிறுத்தியதும் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுப்பது. தடங்கள் கிட்டத்தட்ட இரட்டிப்பானதுபோல் ஆயிற்று. பேசாத நொடிகளைப் பொதுவில் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் எண்ணம் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கு முன்பே டெலிபோன்காரர்களுக்கு இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்த எண்ணம் கட்டாயமாகிவிட்டது. மனிதப் பேச்சில் பாதி நேரம் மௌனம் என்றால், டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் லைனில் பெரும்பாலான நேரம் மௌனம்தான். பால் பேரன் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்திலும், டொனால்ட் டேவிஸ் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் 1960களில் ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல் ஒரே தீர்வுக்கு வந்தார்கள்: செய்தியைத் துண்டுகளாக்கி, துண்டு இருக்கும்போது மட்டும் லைனைப் பயன்படுத்துவது. பாக்கெட் என்ற பெயர் டேவிஸ் வைத்தது. இதில் சந்தேகம் இல்லை. முதலில் யோசித்தவர் யார் என்பதில் மட்டும் துறைக்குள்ளேயே கடும் வாதம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் லெனர்ட் க்ளைன்ராக்கின் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1969-ல் வந்த, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் அந்த யோசனையை ஓட்டிக்காட்டியது, அதுவும் டெலிபோன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த 50 கிலோபிட் லைன்களின் மேல்.

1976-ல் வந்த எக்ஸ்.25 பொது டேட்டா நெட்வொர்க்குகளுக்கான தரம். அது நம்பிக்கையில்லாத காலத்தின் குழந்தை. லைன்களில் பிழை சகஜம். மறுமுனையில் இருப்பது புத்தியில்லாத டெர்மினல். அதனால் வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் பாக்கெட்டை வாங்கி, சரிபார்த்து, ஒப்புகை கொடுத்து, பிறகுதான் அடுத்த ஸ்விட்சுக்கு அனுப்பும். பத்திரம், ஆனால் மெதுவு. ஃபைபர் பரவியதும் லைனில் பிழை மிகவும் குறைந்துபோயிற்று, முனைகளிலும், தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கும் டிசிபி நெறிமுறையைப் பேசும் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. அப்புறம் வழியெல்லாம் எதற்குச் சரிபார்ப்பது? 1990களில் ஃப்ரேம் ரிலே அந்த வேலையைக் கைவிட்டது. ஃப்ரேம் கெட்டுப்போயிருந்தால் தூக்கிப்போடு, திரும்பக் கேட்பது முனைகளின் பாடு.

ஃப்ரேம் ரிலே பரவியதற்கு வேகத்தைவிடப் பெரிய காரணம், லைன்களின் எண்ணிக்கை. பத்து கிளைகளை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 லீஸ்டு லைன்கள் (வாடகைத் தனி லைன்கள்) வேண்டும். ஃப்ரேம் ரிலேயில் கிளைக்கு ஒரு லைன் போதும். அதற்குள்ளேயே டிஎல்சிஐ என்ற எண்ணால் பிரித்த மெய்நிகர் சர்க்யூட்டுகள் ஓடும். உங்களுக்கு உறுதிசெய்த வேகம் ஒன்று. அதற்குமேல் அனுப்பினால் ஃப்ரேமில் ஒரு பிட் எழுதி, நெரிசல் வந்தால் முதலில் இதைத் தூக்கிப்போடலாம் என்று குறித்துவைப்பார்கள். அண்டை வீட்டுக்காரர் பேசாத நொடிகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், அவர் திரும்ப வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். பேசாத நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே பதில் எழுதிய முதல் பெரிய சேவை என்று இதைச் சொல்லலாம்.

ஐஎஸ்டிஎன் எதிர்த்திசையில் போனது. டிஜிட்டல் 64 கிலோபிட்டை எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டு வாசல்வரை நீட்டுவது அதன் திட்டம். இரண்டு 64 கிலோபிட் தடம், சிக்னலிங்குக்கு 16 கிலோபிட், மொத்தம் 144. 1980களில் தரம் எழுதியபோது அது தாராளமாகத் தெரிந்தது. 90களின் இறுதியில் டிஎஸ்எல் வந்தது. அதே காப்பர் ஜோடியில் குரலுக்குமேல் சும்மா கிடந்த அதிர்வெண்களை எடுத்துக்கொண்டு மெகாபிட்களில் ஓடியது. எக்ஸ்சேஞ்சில் உள்ள குரல் ஃபில்டர்தான் கம்பியை 4000 ஹெர்ட்ஸில் கட்டிவைத்திருந்தது, கம்பிக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. லோடிங் காயில் கழற்றாத லைன்களில் மட்டும் டிஎஸ்எல் வராது. முப்பது வருடத்துக்கு முன் குரலுக்கு நன்மை செய்த அந்தச் சுருளைத் தேடிக் கழற்றிக்கொண்டு திரிந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஐஎஸ்டிஎன் தோற்றது என்று ஒரே சொல்லில் முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். 30 தடம் கொண்ட அதன் பெரிய வடிவம் அலுவலகத்துக்குள் உள்ள டெலிபோன் ஸ்விட்சுகளான பிபிஎக்ஸ்களை எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் வேலையை இருபது வருடத்துக்கு மேல் பிசகில்லாமல் செய்தது.

ஏடிஎம்-ஐப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. குரலுக்கு வேண்டிய நேர உத்தரவாதத்தையும் டேட்டாவுக்கு வேண்டிய பகிர்வையும் ஒரே நெட்வொர்க்கில் தர முடியுமா என்ற முயற்சி அது. எல்லாவற்றையும் 53 பைட் செல்களாக நறுக்கினார்கள். 5 பைட் தலைப்பு, 48 பைட் சரக்கு. ஏன் 48? 64 கிலோபிட் குரலால் ஒரு செல்லை நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள். 32 பைட் என்றால் 4 மில்லிநொடி, 64 பைட் என்றால் 8 மில்லிநொடி. அந்தத் தாமதம் கூடினால் பேசுபவர் காதில் அவர் குரலே எதிரொலிக்கும்; அதை அடக்க எக்கோ கேன்சலர் வைக்க வேண்டும். நீண்ட தூர அழைப்புகளுக்கு அமெரிக்கா ஏற்கெனவே எக்கோ கேன்சலர் வைத்திருந்தது, அதனால் தலைப்புச் செலவு குறையட்டும் என்று 64 கேட்டது. ஐரோப்பியர்கள் அந்தக் கருவியே தேவைப்படக்கூடாது என்று 32 கேட்டார்கள். நடுவில் 48-ல் சமரசம். ஆக 53-க்கு 5, அதாவது 9 சதவிகிதத்துக்கு மேல் தலைப்புக்கே போய்விடும். ஏடிஎம் பின்வாங்கியதற்கு இந்தச் சுமைதான் காரணம் என்கிறார்கள் சிலர். அதன் சிக்கலான சிக்னலிங்தான் என்கிறார்கள் வேறு சிலர். என் கருத்து, நிரூபிக்க முடியாத கருத்துதான்: லிங்க் வேகம் கிகாபிட்டைத் தொட்டபோது நறுக்க வேண்டிய தேவையே போய்விட்டது. 1500 பைட் பாக்கெட் ஒன்று 64 கிலோபிட் லைனை ஏறக்குறைய 188 மில்லிநொடி அடைத்துக்கொள்ளும். கிகாபிட்டில் அதே பாக்கெட் 12 மைக்ரோ நொடியில் போய்விடும். அதற்குப் பின்னால் நிற்கும் குரலுக்கு என்ன நஷ்டம்?

எம்பிஎல்எஸ் ஏடிஎம்-மிடமிருந்து, பாக்கெட்டின்மேல் ஒட்டி வழிகாட்டும் சிறு எண்ணான லேபிள் என்ற யோசனையை எடுத்துக்கொண்டு செல்லை விட்டுவிட்டது. 2001-ல் தரமாக எழுதப்பட்டது. முதலில் வேகத்துக்காக என்றார்கள். ரூட்டர் சிப்புகள் ஐபி முகவரியையும் அதே வேகத்தில் தேட ஆரம்பித்ததும் அந்தக் காரணம் உதிர்ந்தது. நிலைத்தது வேறு பயன்: ஒரே முதுகெலும்பில் பல நிறுவனங்களின் தனி நெட்வொர்க்குகளைக் கலக்காமல் ஓட்டுவது, பாதையை நாம் விரும்பியபடி திருப்புவது. கிளைகளின் இணைப்புகளை மென்பொருளால் நிர்வகிக்கும் எஸ்டி-வேன் அதற்கும் மேலே நின்று, கையில் இருக்கும் எல்லா லிங்குகளிலும் டனல் போட்டு, இழப்பையும் தாமதத்தையும் ஓயாமல் அளந்து, எந்தச் செயலி எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நல்ல கருவி. ஆனால் நடுவில் உள்ள இணையத்தின்மேல் அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. இரண்டு வழியும் கெட்டுப்போன அன்று அதனால் எதுவும் செய்ய முடியாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

இப்படியாகக் குரலும் பாக்கெட்டுக்குள் வந்து சேர்ந்தது. ஒரு ஐபி அழைப்பைப் பிரித்துப் பாருங்கள். 20 மில்லிநொடிக் குரல் 160 பைட். அதன் தலையில் ஆர்டிபி, யுடிபி, ஐபி என்ற மூன்று நெறிமுறைகளின் தலைப்புகள்: 12, 8, 20, ஆக 40 பைட். நொடிக்கு 50 பாக்கெட். கணக்குப் போட்டால் 80 கிலோபிட். ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். பழைய 64-ஐவிட இது அதிகம். சிக்கனம் என்று சொல்லி வந்த பாக்கெட், ஓர் அழைப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் செலவாளிதான். எல்லாவற்றுக்கும் ஒரே நெட்வொர்க் போதும் என்பதில்தான் லாபம் வருகிறது.

இந்த மாற்றத்தில் இழந்தது என்ன என்பதை ஒரு பழைய அனுபவத்தால் சொல்கிறேன். இரண்டு அலுவலகங்களின் பிபிஎக்ஸ்களை இ1 லைனால் இணைத்திருந்தோம். பேச்சு அருமையாக இருந்தது, ஃபாக்ஸ் மட்டும் பாதியில் அறுந்தது. ஃபாக்ஸ் மெஷினை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. கவுண்டரைத் திறந்து பார்த்தால் 12, 13 நொடிக்கு ஒருமுறை ஒரு ஸ்லிப் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டிகளும் தத்தம் சொந்த க்ளாக்கில் ஓடின. பத்து லட்சத்துக்குப் பத்து பங்குதான் வித்தியாசம்; அந்த வித்தியாசம் சேர்ந்து 125 மைக்ரோ நொடி ஆக 12.5 நொடி எடுக்கும். அப்போது ஒரு முழு ஃப்ரேம் தொலையும், அல்லது இரண்டு தடவை வரும். பேச்சில் ஓர் அளவு தொலைந்தால் காது கவனிக்காது. ஃபாக்ஸ் மோடம் அதைத் தாங்காது. ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் க்ளாக்கைப் பின்பற்றச் சொல்லி ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினேன், கவுண்டர் நின்றுவிட்டது.

அந்தப் பழைய நெட்வொர்க்கில் பிட் போகும் வழியிலேயே நேரமும் போனது. பாக்கெட்டில் நேரம் போவதில்லை. அதனால்தான் மறுமுனையில் ஜிட்டர் பஃபர் வைத்து, முந்தி வந்ததைக் காக்கவைத்துச் சீராக ஒலிக்கச் செய்கிறோம். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும். க்ளாக் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று தெரிந்ததும், பிடிபி என்ற நெறிமுறையாலும் சிங்க்ரனஸ் ஈதர்நெட்டாலும் அதைப் பாக்கெட் நெட்வொர்க்குக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். மின்சாரமும் அப்படித்தான். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட் அந்தக் காப்பர் ஜோடியிலேயே வந்துகொண்டிருந்ததால், வீட்டில் கரண்ட் போனாலும் டெலிபோன் பேசியது. பிரிட்டனில் பழைய டெலிபோன் நெட்வொர்க்கை 2025 இறுதியில் நிறுத்தக் கெடு வைத்து, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளினார்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் அந்த லைனை நம்பியிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எதைப் படிக்கலாம் என்றால், எக்ஸ்.25 கட்டளைகளையும் ஃப்ரேம் ரிலே கான்ஃபிகரேஷனையும் தாராளமாக விட்டுவிடுங்கள். பிசிஎம், க்ளாக், ஸ்லிப் ஆகியவற்றை நன்றாகப் படியுங்கள். ஏடிஎம்-மில் அந்த 48-ன் கதை போதும். எம்பிஎல்எஸ் விபிஎன், சிப் (SIP, ஐபி அழைப்பைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை), ஆர்டிபி, குவாலிட்டி ஆஃப் சர்வீஸ் ஆகியவற்றுக்கு மிச்ச நேரத்தைக் கொடுங்கள். எஸ்டி-வேன் அதன்பிறகு தானாகப் புரியும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜி.711 கோடெக்கில் (குரலை 64 கிலோபிட்டாக எண்ணாக்கும் அதே முறை) ஓர் ஐபி அழைப்பு போட்டு, வயர்ஷார்க் என்ற பாக்கெட் பிடிக்கும் மென்பொருளில் பிடித்து, ஆர்டிபி தலைப்பில் டைம்ஸ்டாம்பைப் பாருங்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் 160, 160 என்று கூடிக்கொண்டே போகும். அது மில்லிநொடிக் கணக்கு கிடையாது, 8000 ஹெர்ட்ஸ் க்ளாக்கின் கணக்கு. 1962-ல் டி1 ஓடிய அதே 125 மைக்ரோ நொடி. அடுத்து ஜி.722-க்கு மாற்றிப் பாருங்கள். அது நொடிக்கு 16,000 தடவை அளக்கும் கோடெக், ஆனாலும் டைம்ஸ்டாம்ப் 160-தான் கூடும். தரத்தில் ஒருமுறை தவறாக 8000 என்று எழுதிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் குழம்பக்கூடாது என்பதற்காக அதை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறார்கள்.